மெய்நிகர் உலகில் கட்டிய கடை யாருடையது?

வாசகியின் கேள்வி: செகண்ட் லைஃப் என்னும் இணைய மெய்நிகர் உலகில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். அவதார்களுக்கான சேலை, பாவாடை தாவணி, நகை ஆகியவற்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வடிவமைத்து, அங்கே வாடகை நிலத்தில் ஒரு கடை வைத்து விற்கிறேன். வீட்டுச் செலவில் ஒரு பகுதி அந்த வருமானத்தில்தான் நடக்கிறது. சேமிப்பைப் போட்டுத் தனித் தீவு ஒன்று வாங்கலாம் என்று எண்ணியிருந்த நேரத்தில், வேறொரு மெய்நிகர் உலகில் கடை வைத்திருந்த என் தோழியின் கணக்கை அந்த நிறுவனம் காரணம் சொல்லாமல் முடக்கிவிட்டது. நான் உருவாக்கியவை, காசு கொடுத்து வாங்கியவை, நிலம், கணக்கில் இருக்கும் லிண்டன் டாலர் (அந்த உலகத்தின் நாணயம்) ஆகியவற்றில் சட்டப்படி எது என்னுடையது? நாளை என்னை வெளியேற்றினாலோ அந்த உலகமே மூடப்பட்டாலோ எதை எடுத்துக்கொண்டு போக முடியும்? தீவை வாங்கலாமா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் நான்கும் உங்கள் திரையில் ஒரே உலகத்துக்குள் அடுத்தடுத்துத் தெரிந்தாலும், சட்டத்தின் முன் அவை நான்கு வேறு வகைப் பொருள்கள். ஒன்று உறுதியாக உங்களுடையது. மற்ற மூன்றையும் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இருக்கிறது, அவ்வளவே. உறுதியாக உங்களுடையதாக இருக்கும் அந்த ஒன்றைக்கூட உலகத்தின் வாசலுக்கு வெளியே கொண்டுவர முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சட்டம் அல்ல, மென்பொருள். ஆகவே உரிமையையும் எடுத்துச் செல்லும் சுதந்திரத்தையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

நீங்கள் உருவாக்கியவற்றிலிருந்து தொடங்குகிறேன். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் அந்த உலகத்தை 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில், பயனர்கள் உருவாக்கும் பொருள்களின் அறிவுசார் சொத்துரிமை பயனர்களுக்கே உரியது என்று அறிவித்தது. அக்காலத்து இணைய விளையாட்டுகள் பலவற்றில் ஆட்டக்காரர் செய்வதெல்லாம் நிறுவனத்துக்கே உரியது என்ற விதி இருந்ததால், இந்த அறிவிப்பு அன்று பெரிதாகப் பேசப்பட்டது. இன்றைய ஒப்பந்தத்திலும் அந்த உறுதிமொழி நீடிக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17ஆம் பிரிவும் படைத்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. அந்த உரிமையை இன்னொருவருக்கு முழுமையாக மாற்றிக் கொடுக்க, 19ஆம் பிரிவின்படி எழுத்துமூலமான, கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். நீங்கள் வரைந்த டெக்ஸ்சர்களும் (மேற்பரப்புப் படங்கள்) மெஷ் வடிவங்களும் (முப்பரிமாண உருவங்கள்) கலைப்படைப்புகள். எழுதிய ஸ்கிரிப்ட் கணினி நிரல் என்ற வகையில் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் வருகிறது. நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்திருப்பது, அவற்றைத் தன் சர்வர்களில் வைத்துப் பிறருக்குக் காட்டவும் நகலெடுக்கவும் தேவையான விரிவான உரிமம் மட்டுமே.

இந்த உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2007இல் செகண்ட் லைஃப் விற்பனையாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, தங்கள் பொருள்களை நகலெடுத்து விற்ற ஒருவர் மீது நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அவர் நகல்களை விற்று ஈட்டிய சில நூறு டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டதில் வழக்கு முடிந்தது. தொகை அற்பமானது. ஆனால் மெய்நிகர்ப் பொருளுக்கும் பதிப்புரிமை கோரி நீதிமன்றம் செல்லலாம் என்பதை அது காட்டியது. உங்கள் சேலையை எவராவது நகலெடுத்து விற்றால், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் நிறுவனத்துக்கு நீக்கல் அறிவிப்பு அனுப்புவதே முதல் நடவடிக்கை. வழக்கறிஞர் இல்லாமலேயே அதைச் செய்யலாம்.

ஆனால் உங்கள் கடையில் இருப்பவை அனைத்தும் முழுக்க உங்கள் படைப்புகள்தானா என்று ஒரு முறை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். மாங்காய், அன்னம், ருத்ராட்சம் போன்ற மரபான கரை வடிவங்களில் எவருக்கும் பதிப்புரிமை கிடையாது. அவற்றை நீங்கள் தீட்டிய விதத்தில்தான் உங்கள் உரிமை இருக்கிறது. இன்னும் முக்கியமானது, அங்குள்ள ஆடை வடிவமைப்பாளர்களில் பலர் முழு அனுமதியுடன் (நகலெடுக்க, மாற்ற, கைமாற்ற) விற்கப்படும் ஆயத்த மெஷ்களை வாங்கி, அவற்றின்மேல் தங்கள் டெக்ஸ்சரை ஏற்றி விற்கிறார்கள் என்பது. அத்தகைய ஆயத்த மெஷ்களின் உரிமத்தில், செகண்ட் லைஃபுக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருப்பது வழக்கம். அவதார்கள் அணியும் பிரபலமான மெஷ் உடல்களுக்கு ஆடை பொருத்துவதற்காக அவற்றின் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் கருவித்தொகுப்புகளும் அப்படித்தான். மேலே உள்ள துணி உங்களுடையது, உள்ளே இருக்கும் எலும்புக்கூடு வேறொருவருடையது என்ற நிலையில், அந்த ஆடையை வேறிடம் கொண்டுபோனால் உரிமத்தை மீறுபவர் நீங்களாகிவிடுவீர்கள்.

வாங்கிய பொருள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாற்காலியோ வீடோ கூந்தலோ, நீங்கள் பெற்றது அந்த உலகத்துக்குள் பயன்படுத்தும் உரிமம். நகல், மாற்றம், கைமாற்றம் என்ற மூன்று அனுமதிகளில் விற்பவர் எவற்றைக் கொடுத்தாரோ அவை மட்டுமே உங்களுக்கு உண்டு.

நிலம்தான் மக்கள் அதிகம் ஏமாறும் இடம். ஒரு முழுப் பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர் என்று அளந்து சொல்லி, ஏலம் விட்டு, எல்லைக்கோடு போட்டுக் கொடுப்பதால் பத்திரப் பதிவு செய்த மனையைப் போல அது மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சர்வரின் செயல்திறனில் ஒரு பங்கு; மாதக் கட்டணம் நின்றால் அதுவும் நிற்கும். இதைப் பற்றி நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று உண்டு. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மார்க் பிராக் என்ற வழக்கறிஞர், ஏலப் பக்கத்தின் முகவரியை மாற்றி, இன்னும் அறிவிக்கப்படாத ஏலத்தில் புகுந்து, 2006இல் 300 டாலருக்கு ஒரு நிலத்தை வாங்கினார். அது முறைகேடு என்று கூறிய லிண்டன் லேப், அந்த நிலத்தோடு நிற்காமல் அவருடைய கணக்கு முழுவதையும் முடக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். ‘உங்கள் நிலம் உங்களுக்கே சொந்தம்’ என்ற பொருள்பட நிறுவனமும் அதன் நிறுவனர் பிலிப் ரோஸ்டேலும் நாடெங்கும் விளம்பரம் செய்தார்கள் என்பது அவருடைய வாதம்.

2007 மே மாதம் நீதிபதி எடுவார்டோ ராப்ரேனோ அளித்த தீர்ப்பு, பயனர்களுக்கு ஒரு முக்கியமான பாதுகாப்பைத் தந்தது. தகராறுகளை சான் பிரான்சிஸ்கோவில் செலவுமிக்க நடுவர் மன்றத்தின்முன் மட்டுமே தீர்க்க வேண்டும், நிறுவனம் மட்டும் தான் விரும்பியபோது கணக்கை முடக்கலாம், விதிகளையும் தானே மாற்றலாம் என்றிருந்த ஒப்பந்தத்தில், அந்த நடுவர் விதி ஒருதலைப்பட்சமானது, நியாயத்துக்குப் புறம்பானது என்று கூறி அதை அவர் அமல்படுத்த மறுத்தார். அதற்குப் பின் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. பிராக்கின் கணக்கு திரும்பக் கிடைத்தது. மெய்நிகர் நிலம் சொத்தா இல்லையா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. பின்னர் நிறுவனம் தன் ஒப்பந்தத்தைத் திருத்தி, நிலம் என்பது திரும்பப் பெறத்தக்க, வரையறுக்கப்பட்ட உரிமம் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிக்கொண்டது. இன்று அந்த ஒப்பந்தத்துக்கு ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியவர், பிராக் எழுப்பிய வாதத்தை எழுப்புவது மிகக் கடினம்.

லிண்டன் டாலரும் இதே வகைதான். நிறுவனத்தின் பரிவர்த்தனைச் சந்தையில் அதை அமெரிக்க டாலராக மாற்ற முடிகிறது என்பதால் பணம் போலத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தின்படி அதுவும் ஓர் உரிமம். அங்கே அதிக வட்டி தருவதாகச் சொல்லி நடந்த ‘ஜின்கோ’ என்ற மெய்நிகர் வங்கி 2007 ஆகஸ்டில் கவிழ்ந்து பலருடைய வைப்புத்தொகையை விழுங்கியது. அதற்குப் பிறகு, 2008 ஜனவரியில், உண்மையான வங்கி உரிமம் இல்லாத எவரும் வட்டி தருவதை நிறுவனம் தடை செய்தது. நியாயமான தடைதான், ஆனால் அதை விதித்தது ஒரு மத்திய வங்கியோ சட்டமன்றமோ அல்ல, அந்த உலகத்தை நடத்தும் தனியார் நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். விற்பனை வருமானத்தை அங்கேயே சேர்த்து வைக்காமல் மாதந்தோறும் மாற்றி வெளியே எடுத்துவிடுங்கள். பரிவர்த்தனைப் பட்டியலையும் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருமானத்துக்கு இங்கே வரி உண்டு என்பதால் உங்கள் ஆடிட்டருக்கும் அந்தப் பட்டியல் தேவைப்படும்.

உலகின் பிற நீதிமன்றங்கள் மெய்நிகர்ப் பொருளைச் சொத்தாக ஏற்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏற்றிருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வேறு சூழலில். நெதர்லாந்தின் லீவார்டன் நகரில் 2007இல் இரண்டு இளைஞர்கள் ஒரு சிறுவனை அடித்து, மிரட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்ற வைத்தார்கள். அது திருட்டுக் குற்றமே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் உறுதி செய்தது. பெய்ஜிங்கில் 2003இல் ஓர் ஆட்டக்காரர், தம் கணக்கிலிருந்து களவுபோன ஆயுதங்களுக்காக விளையாட்டு நிறுவனத்தின்மீதே வழக்குப் போட்டு, அவற்றை மீட்டுத் தருமாறு உத்தரவு பெற்றார்; 2021இல் நடைமுறைக்கு வந்த சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 127ஆம் பிரிவு, இணைய மெய்நிகர்ச் சொத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கொள்கையளவில் ஏற்கிறது. இந்த வழக்குகளில் பொருளைப் பறித்தவர் மூன்றாம் மனிதர். நிறுவனமே, தன் ஒப்பந்தத்தைக் காட்டி, கணக்கை மூடும்போது வழக்கின் தன்மை முற்றிலும் மாறிவிடுகிறது.

இந்தியாவில் உங்களுக்கு இருக்கும் வழி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. நியாயமான காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் கொடுக்கும் விதியை, அதன் 2(46)ஆம் பிரிவு நியாயமற்ற ஒப்பந்தத்தின் கூறுகளில் ஒன்றாக எண்ணுகிறது. இத்தகைய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்காது. மாநில ஆணையத்துக்கோ தேசிய ஆணையத்துக்கோதான் போக வேண்டும். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய சலுகை. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, நீங்கள் வணிக நோக்கில் சேவை பெற்றவர், ஆகவே நுகர்வோரே அல்லர் என்பதுதான். வாங்கிய பொருளைச் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது; சேவைக்கும் அது பொருந்தும் என்று நீங்கள் வாதிட வேண்டியிருக்கும். கடையை ஆள் வைக்காமல் நீங்களே நடத்துகிறீர்கள், அதன் வருமானம் குடும்பச் செலவுக்குப் போகிறது என்பதற்கான சான்றுகள் அப்போது பயன்படும். வெற்றி பெற்றாலும், இந்தியாவில் சொத்தோ அலுவலகமோ இல்லாத நிறுவனத்திடம் அந்த உத்தரவை நிறைவேற்றிக்கொள்வது நீண்ட, செலவுமிக்க வேலை. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கையூட்ட நான் விரும்பவில்லை. உங்கள் தோழிக்கும், முதலில் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு வழியைக் காலக்கெடுவுக்குள் எழுத்தில் பயன்படுத்தச் சொல்லுங்கள். அந்த உலகத்தின் ஒப்பந்தப்படி படைப்புகளின் பதிப்புரிமை தன்னிடமே இருந்தால், கணக்கு திரும்பாவிட்டாலும் தன் மூலக் கோப்புகளைத் தர வேண்டும் என்று தனியாக ஒரு கோரிக்கையும் வைக்கச் சொல்லுங்கள். அதை மறுப்பதற்கு அவர்கள் சொல்லக்கூடிய காரணங்கள் குறைவு.

இனி எடுத்துச் செல்லும் சுதந்திரத்துக்கு வருகிறேன். சட்டத்தைவிட இங்கேதான் நீங்கள் உங்களுக்காகவே அதிகம் செய்துகொள்ள முடியும். அந்த உலகத்தைப் பார்க்க உதவும் வியூவர் மென்பொருளின் மூல நிரலை லிண்டன் லேப் 2007 ஜனவரியில் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டது. ஃபயர்ஸ்டார்ம் போன்ற வெளியார் வியூவர்கள் பிறந்தது அதனால்தான். சர்வர் நிரல் மட்டும் இன்றுவரை நிறுவனத்தின் கையில் மூடியே இருக்கிறது. பார்க்கும் கண் உங்களுடையது, பார்க்கப்படும் உலகம் அவர்களுடையது. ஆனால் அதே 2007இல், அந்த வியூவர்களோடு இயங்கக்கூடிய சர்வரைத் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள் ஒரு குழுவினர், அதுதான் ஓப்பன்சிமுலேட்டர். அதை உங்கள் வீட்டுக் கணினியிலேயே நிறுவி ஒரு பகுதியை நடத்தலாம். அந்தப் பகுதி முழுவதையும், நிலத்தின் மேடுபள்ளத்திலிருந்து கட்டடங்கள் வரை, ஓஏஆர் என்ற ஒரே கோப்பாகச் சேமித்து வேறொரு சர்வரில் ஏற்றலாம். லிண்டன் லேப் 2010இல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்துவதாக அறிவித்தபோது, பல கல்லூரிகள் குடிபெயர்ந்தது இத்தகைய உலகங்களுக்குத்தான்.

குடிபெயர்தல் சொல்வது போல் எளிதல்ல. செகண்ட் லைஃபிலிருந்து ஒரு பொருளை வெளியே எடுக்க வேண்டுமானால், அதன் ஒவ்வொரு பகுதியையும் உருவாக்கியவராக உங்கள் பெயரே இருக்க வேண்டும். வெளியார் வியூவர்களுக்கான நிறுவனத்தின் விதி அது. இந்தக் கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற கருவி பரவி, எவருடைய பொருளையும் அனுமதியின்றி நகலெடுக்க முடிந்தபோது, விற்பனையாளர்கள் கடைகளை மூடிப் போராடினார்கள். நிறுவனம் அந்தக் கருவியின் பயன்பாட்டை விதிமீறலாக அறிவித்தது. பயனர்களின் கைகளைக் கட்டும்படி அன்று குரல் கொடுத்தவர்களும் பயனர்களில் ஒரு பகுதியினர்தான். விற்கும்போது பூட்டு வேண்டும், வாங்கும்போது சாவி வேண்டும் என்பதுதான் எல்லாருடைய நிலையும்; உங்களுடையதும் என்றே கருதுகிறேன். நீங்கள் உங்கள் சேலைகளை எந்த அனுமதியோடு விற்கிறீர்கள் என்று எழுதவில்லை. கைமாற்றத்தை மறுத்து விற்பது தொழிலுக்குத் தேவையாக இருக்கலாம். ஆனால் அந்த உலகம் மூடினால், உங்கள் வாடிக்கையாளர்கள் தம் சொந்த உபயோகத்துக்கு அதே ஆடையை வேறு உலகில் பயன்படுத்தலாம் என்று, முழுக்க நீங்களே செய்த ஆடைகளுக்கு மட்டுமாவது, ஒரு நோட்கார்டில் (அந்த உலகத்துக்குள் அனுப்பும் குறிப்புச் சீட்டு) எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். மென்பொருள் அதைத் தானாகச் செய்துகொடுக்காது. வேண்டுவோருக்குக் கோப்பை நீங்கள்தான் வெளியிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும். ஆனாலும், பிறரிடம் நீங்கள் எதிர்பார்க்கும் சுதந்திரத்தை நீங்களே முதலில் கொடுப்பதற்கு இது ஒரு வழி.

உங்கள் பக்கத்தில், பிளெண்டர் கோப்புகள், மெஷ் வடிவங்களை ஏற்றுமதி செய்யும் டிஏஇ கோப்புகள், அடுக்குகளை ஒன்றாக இணைக்காத டெக்ஸ்சர் மூலங்கள், ஸ்கிரிப்டுகளின் உரை வடிவம் ஆகியவை செகண்ட் லைஃபுக்கு வெளியே இரண்டு தனித்தனி இடங்களில் இருக்கட்டும். உலகத்துக்குள்ளேயே கட்டியவற்றை ஃபயர்ஸ்டார்மின் ஏற்றுமதி வசதி மூலம் இப்போதே எடுத்துவிடுங்கள். கணக்கு முடங்கிய பின் அந்த வாசல் இருக்காது. வணிக மெஷ் உடல்களுக்குப் பொருத்திய ஆடைகள் ஓப்பன்சிமுலேட்டர் உலகங்களில் பயன்படாது என்பதால், அங்கே புழங்கும் ரூத்2 போன்ற திறந்த மூல உடல்களுக்கு உங்கள் நல்ல வடிவங்களில் சிலவற்றைப் பொருத்திப் பாருங்கள். திறந்த மூலம் என்பதாலேயே அந்த உலகங்கள் பத்திரமானவை என்றும் எண்ணிவிடாதீர்கள். அவற்றுள் பழமையான ஓஎஸ்கிரிட், 2014இல் சேமிப்பு வன்பொருள் பழுதானதால் பல மாதங்கள் இயங்காமல் கிடந்தது. அப்போது சிரமம் குறைந்தவர்கள், ஓஏஆர் கோப்பைத் தம்மிடம் வைத்திருந்தவர்கள்.

மூடுவிழா என்பது கற்பனை அச்சமும் அல்ல. கூகுளின் லைவ்லி 2008 ஜூலையில் தொடங்கி அந்த ஆண்டு முடிவிலேயே மூடப்பட்டது. மெட்டாபிளேஸ் 2010 ஜனவரியிலும், தேர் (There) என்ற உலகம் அதே ஆண்டு மார்ச்சிலும், மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்சிலும் நின்றன. செகண்ட் லைஃப் இருபது ஆண்டுகளைத் தாண்டி நிற்பது இத்துறையில் விதிவிலக்கு.

தீவைப் பொறுத்தவரை, சேமிப்பை முதலீடாக அதில் போடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. அது விலை ஏறும் மனை அல்ல, மாதக் கட்டணமுள்ள சேவை. 2008 அக்டோபரில் ‘ஓப்பன்ஸ்பேஸ்’ என்ற குறைந்த திறன் தீவுகளின் மாதக் கட்டணத்தை 75 டாலரிலிருந்து 125 டாலராக உயர்த்துவதாக நிறுவனம் அறிவித்தபோது, பெரிய எதிர்ப்பு எழுந்தது; பலர் தீவுகளைக் கைவிட்டார்கள். கடையின் ஓராண்டு நிகர வருமானத்திலிருந்து அந்தக் கட்டணத்தை எளிதாகக் கொடுக்க முடியுமென்றால், மாதந்தோறும் கட்டும் முறையில் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் இப்போதிருக்கும் வாடகை நிலமே போதும். எப்படியானாலும், வெளியே வைக்கும் கோப்புகளின் பட்டியலையும் அவற்றைத் திறக்கும் வழியையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, உங்கள் உயிலிலும் பதிப்புரிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இந்தியச் சட்டப்படி அந்த உரிமை உங்களுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும்.